ஏரியில் கப்பலா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மணப்பாட்டுக்காரர். ஏழு வருடம் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில் ஏ.பி.யாக, அதாவது தேர்ந்த மாலுமியாக, ஓடியவர். பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை வாங்கி வந்து எட்டு மாதமாக கனடாவில் பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். "அண்ணாச்சி, இங்கே ஏரியில் ஓடும் சரக்குக் கப்பல்களில் வேலை உண்டாமே, நம்ம பேப்பர் செல்லுமா, கடல் வேலையைவிட லேசா, வீட்டுக்கு அடிக்கடி வர முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். கடைசிக் கேள்விக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் தூத்துக்குடி. அப்பா கொழும்புக்கு ஓடிய தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவர். நானும் உங்களைப் போல, தாதும் தானியமும் அள்ளிக் கொட்டி ஏற்றும் பல்க் கேரியர்களில் ஓடிவிட்டு, மனைவியின் நர்ஸ் வேலையை நம்பி 2008-ல் இங்கே வந்தவன். 2010 வசந்தத்தில் முதல் ஏரிக்கப்பலில் ஏறினேன். இப்போது சுக்கான் பிடிக்கிறேன், இங்கே அதற்கு வீல்ஸ்மேன் என்று பெயர். முதல் தடவை அப்பாவுக்குப் போன் போட்டு "ஏரியில் கப்பல் ஓட்டுறேன்" என்று சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏரின்னா, நம்ம கோரம்பள்ளம் குளம் மாதிரியாலே?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் கிடக்கும் பேரேரிகளில் சுப்பீரியர் ஏரி மட்டும் 82,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். ஆழம் அதிகபட்சம் 406 மீட்டர். நடுவில் நின்றால் நாலு பக்கமும் கரை தெரியாது. வாளியை விட்டு மொண்டால் நல்ல தண்ணீர் வரும். அதுதான் எனக்கு ரொம்ப நாள் மனசுக்கு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய தண்ணீரில் உப்பு இல்லையே என்று உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, பேப்பர் விஷயம் முதலில். உங்கள் இந்திய சி.டி.சி.யை, அந்த மாலுமிப் புத்தகத்தைக் காட்டி நேராகக் கப்பல் ஏற முடியாது. அதற்காக அது வீணும் இல்லை. இங்கத்திய போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடாவில் விண்ணப்பித்து ஒரு கேண்டிடேட் நம்பர் வாங்க வேண்டும். அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் மரைன் மெடிக்கல் எடுக்க வேண்டும். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசப் பயிற்சிச் சான்றிதழ்களும், கடலில் ஓடிய நாட்களுக்கான கடிதங்களும் கையில் இருக்க வேண்டும். சி.டி.சி.யில் முத்திரை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் என்ன பதவி, எத்தனை டன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கம்பெனி தாளில் கடிதம் வாங்கி வையுங்கள். நான் இரண்டு கப்பலுக்கு அப்படி வாங்காமல் வந்துவிட்டேன். ஒரு கம்பெனி அதற்குள் மூடியே போயிருந்தது, ஒன்றரை வருட சர்வீஸ் கணக்கில் ஏறவில்லை. சுக்கானில் நிற்க பிரிட்ஜ் வாட்ச் ரேட்டிங் சான்றிதழ் வேண்டும். பின்னால் அதிகாரியாகப் படிக்க ஆசை இருந்தால், ஓவன் சவுண்டில் ஜார்ஜியன் காலேஜின் கப்பல் பயிற்சி மையம் இருக்கிறது. அதிகாரிகளுக்கான தகுதிச் சான்றிதழ் குடிமகனுக்கும் பி.ஆர். வைத்திருப்பவருக்கும்தான் தருவார்கள். உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

யாரும் சொல்லித்தராத ஒன்று அமெரிக்க விசா. இந்தக் கப்பல்கள் ஒரு நாள் கனடாவில் ஏற்றும், மறுநாள் ஒஹாயோவில் இறக்கும். கனடாக் குடிமக்களுக்குக் கவலை இல்லை. நாம் இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கும் பி.ஆர்., நமக்குக் கப்பல்காரர்களுக்கான சி1/டி விசா வேண்டும். பழைய ஓட்டத்தில் வாங்கியது உங்களிடம் இருக்கலாம், தேதியைப் பாருங்கள். அது இல்லாமல் போனால் பாதிக் கப்பல்களுக்கு உங்களை அனுப்பவே மாட்டார்கள். இன்னொன்று. 2018-லிருந்து இந்த நாட்டில் கஞ்சா சட்டப்படி விற்கிறார்கள், கப்பலில் கூட வேலை செய்யும் பையன்கள் லீவில் புகைப்பதைப் பேசிக்கொள்வார்கள். ஆற்றின் நடுவில் ஓடும் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அமெரிக்க மத்திய சட்டத்தில் அது குற்றம். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆள் எடுப்பது பெரும்பாலும் சங்கம் வழியாக. மாலுமிகள் சங்கத்தின் கூடத்தில் பெயரைப் பதிந்து வைத்தால் கப்பலில் இடம் விழும்போது கூப்பிடுவார்கள். சில கம்பெனிகள் நேராகவும் எடுக்கும். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வந்த புதிதில் ஒருவர் என்னிடம் 1,500 டாலர் வாங்கிக்கொண்டு, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்த்துவிட மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது சர்வதேச ஒப்பந்தம். கனடா அதில் கையெழுத்திட்ட நாடு. பம்பாயில் நாம் பட்டதெல்லாம் போதும்.

சம்பளம் விசாரிக்கும்போது மணிக்கூலியை மட்டும் பார்க்காதீர்கள். ஓவர்டைம், லீவு நாளுக்கு எவ்வளவு சேர்கிறது, பென்ஷன் உண்டா என்று கேளுங்கள். இந்தியாவில், வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே ஓடினால் வரி இல்லை என்று பழகிய கை நமக்கு. இங்கே முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும். ஆனால் அதே பிடித்தத்தில்தான் குளிர்காலத்தில் கப்பல் கட்டிப்போட்டிருக்கும்போது ஈ.ஐ., அதாவது வேலையில்லாக் காலக் காப்பீடு, கிடைக்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். கடலைவிட லேசா என்று கேட்டீர்கள். கடலில் வேலை என்பது ஓட்டம். பிரேசிலில் ஏற்றினால் சீனா வரை ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டம், நடுவில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது. இங்கே ஓட்டம் குறைவு, கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் வேலை. தண்டர் பேயில் கோதுமை ஏற்றினால் அங்கிருந்து கடல்வரை 16 லாக். லாக் என்றால், கப்பலைக் கதவுகளுக்குள் அடைத்துத் தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றி இறக்கும் தண்ணீர்ப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுப்பீரியர் ஏரி கடல் மட்டத்துக்கு 183 மீட்டர் மேலே கிடக்கிறது, அத்தனை உயரத்தையும் படிப்படியாக இறங்க வேண்டும். சூ செயின்ட் மேரியில் ஒன்று. ஈரி ஏரிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் நடுவில் நயாகரா அருவி குறுக்கே நிற்பதால், அதைச் சுற்றி வெட்டிய வெல்லண்ட் கால்வாயில் எட்டு. அதற்குக் கீழே மான்ட்ரியல் வரை ஏழு. எங்கள் கப்பலின் அகலம் 78 அடி, லாக்கின் அகலம் 80 அடி. பக்கத்துக்கு ஓர் அடி. அந்த இடுக்கில் 740 அடி நீளத்தை நுழைக்க வேண்டும். முதல் தடவை சுக்கானில் நின்றபோது என் உள்ளங்கை வியர்த்ததில் சக்கரமே வழுக்கியது. கடல் கப்பல்கள் வந்தால் வழிகாட்ட பைலட் ஏறுவார். நம் கப்பல்களில் கேப்டனும் அவருக்கு அடுத்த அதிகாரிகளான மேட்டுகளுமே பைலட்டுக்கான சான்றிதழ் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மிதவையும் அவர்களுக்கு மனப்பாடம்.

உங்கள் வாயையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். இங்கே யாரும் இதை ஷிப் என்று சொல்ல மாட்டார்கள். 30,000 டன் ஏற்றும் இரும்பு மலையை போட் என்பார்கள். நாட்டிக்கல் மைல் கிடையாது, ரோட்டில் போடும் அதே மைல். வேகமும் மணிக்கு இத்தனை மைல் என்றுதான். கடலிலிருந்து வரும் கப்பலுக்குப் பட்டப்பெயர் சால்ட்டி, அதாவது உப்புக்காரன். நான் சேர்ந்த முதல் சீசன் முழுக்க எனக்கும் அதுதான் பெயர். தூத்துக்குடிக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது, நானும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

நீங்கள் முதலில் டெக்ஹேண்டாகத்தான், அதாவது டெக்கில் கடைநிலை ஆளாகத்தான், ஏற வேண்டியிருக்கும், ஏழு வருட ஏ.பி. என்ற மிடுக்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். லேண்டிங் பூம் என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் ஓடிய கப்பல்களில் பார்த்திருக்க மாட்டீர்கள். பல சின்னத் துறைகளில் கயிறு பிடிக்கக் கரையில் ஆள் இருக்காது. கப்பல் கரையை நெருங்கும்போது, பக்கவாட்டில் நீட்டிய ஒரு கம்பத்தில் கட்டிய கயிற்றில், ஒரு சின்னப் பலகையில் உட்கார்ந்து, ஊஞ்சல் ஆடி நாமே கரைக்குக் குதிக்க வேண்டும். குதித்தவுடன் ஓடிப்போய் மேலிருந்து வரும் இரும்பு வயரை இழுத்து, கரையில் நட்ட முளையான பொல்லார்டில் மாட்ட வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் ஒழுங்கானவனா என்று தெரிந்த பிறகு உட்காருங்கள். எனக்கு ஒருமுறை கயிற்றைத் தாமதமாக விட்டார்கள். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கித் திரும்ப மேலே வந்தேன். அது ஏப்ரல் மாதம், தண்ணீரில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை, குளிரால் மட்டும் அல்ல.

லாக்குகளில் இப்போது அவ்வளவு கஷ்டம் இல்லை. நான் வந்த காலத்தில் ஒவ்வொரு லாக்கிலும் வயர் போட்டு எடுக்க வேண்டும். இப்போது வெல்லண்டிலும் கீழேயும் சுவரிலேயே பெரிய உறிஞ்சு தட்டுகள் வைத்திருக்கிறார்கள். பல்லி சுவரைப் பிடிப்பது போல அவை கப்பலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரோடு ஏறி இறங்கும். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இப்போது பழைய முறைக்குப் போகச் சொன்னால் சண்டை போடுவேன்.

சரக்கு இறக்குவதுதான் இந்தக் கப்பல்களின் தனித் தந்திரம். பாதிக்கு மேல் தானே இறக்கிக்கொள்ளும் ரகம். சரக்கறையின் அடிப்பக்கம் புனல் போலச் சரிந்திருக்கும், கீழே கதவுகள். கதவைத் திறந்தால் சரக்கு கீழே சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டில் விழும். பெல்ட் அதைத் தூக்கி மேலே கொண்டுவந்து, 250 அடி நீளக் கைபோல நீளும் பூம் வழியாகக் கரையில் கொட்டும். கிரேன் வேண்டாம், கூலி ஆள் வேண்டாம். சுண்ணாம்புக் கல்லோ இரும்புத் தாது உருண்டையோ, ஆறேழு மணி நேரத்தில் கப்பல் காலி. கம்பெனிக்கு லாபம். நமக்கு? ஒரு கைவிடப்பட்ட மாதிரியான கரையில் ராத்திரி 11 மணிக்குக் கட்டுவோம், விடிவதற்குள் அவிழ்த்துவிடுவோம். கரை இறங்கி ஒரு டீ குடிக்க நேரம் இருக்காது. சுரங்கத்தில் வேலை செய்பவன் பாடு இன்னும் மோசம். நிலக்கரி என்றால் கண் மட்டும் வெள்ளையாக வெளியே வருவான்.

ஆக, உடம்பைக் கொல்வது பாரம் அல்ல, தூக்கம். வாட்ச் என்ற முறைவேலை முடிந்து படுத்திருப்பீர்கள், லாக் வந்துவிட்டது எழுந்திரு என்பார்கள். வெல்லண்ட் கால்வாய் 43 கிலோமீட்டர்தான், கடக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போய்விடும். ஓய்வு நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது, எழுதியும் வைப்பார்கள். ஆனால் மூன்று மணி, இரண்டு மணி என்று துண்டு துண்டாகத் தூங்கும் தூக்கம் தூக்கமே இல்லை. வாழைப்பழத்தைத் துண்டாக நறுக்கித் தின்றாலும் பழம்தான், தூக்கத்தை நறுக்கினால் தூக்கம் இல்லை என்று எங்கள் சமையல்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

சாப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஆளுக்குத் தனி அறை. மூன்று வேளை சுடச்சுட, சனிக்கிழமை ஸ்டேக். இருபது இருபத்தைந்து பேர், பாதிப்பேர் நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா, கியூபெக் பக்கத்து ஆட்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர் பேசும் ஆங்கிலம் ஒரு மாதத்துக்குப் புரியாது. கவலைப்படாதீர்கள், டொரன்டோக்காரனுக்கும் புரியாது. கேலி செய்வார்கள், ஆனால் நம் மீனவக் குடும்பங்கள் மாதிரிதான். தாத்தா காலத்திலிருந்து தண்ணீரில் செத்தவர்கள் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அரிசிச் சோறு கேட்டால் போட்டுத் தருவார்கள். ரசம் கேட்காதீர்கள், நானே ஒரு தடவை வைத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு அடுக்களைப் பக்கம் விடுவதில்லை.

டெட்ராய்ட் ஆற்றில் ஒரு தபால் படகு உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் சேவை. கப்பல் நிற்காது. அந்தச் சின்னப் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும், நாங்கள் மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவோம், கடிதமும் பார்சலும் வாளியில் ஏறும். தனி பின்கோடு கூட உண்டு, 48222. மிச்சிகனில் இருக்கும் என் மச்சான் ஒரு தடவை பருப்புப்பொடி அனுப்பினான். வாளி மேலே வரும்போதே பூண்டு வாசம் வந்துவிட்டது. டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சால்ட்டி, உன் வெடிமருந்து வந்திருக்கு" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் அவரே பாதியை முட்டையில் தூவித் தின்று தீர்த்தார்.

அந்தப் போசனிடம்தான் நவம்பரைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். ஏரி என்று லேசாக நினைக்காதீர்கள். கடலலை நீளமாக வரும், கப்பல் ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மூச்சு வாங்க விடாது. நம் ஊரில் கச்சானுக்கும் வாடைக்கும் நடுவில் இருக்கும் மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, நவம்பரில் காற்று அடிக்க ஆரம்பித்தால் நல்ல கேப்டன்கள் தீவுக்குப் பின்னாலோ விரிகுடாவிலோ நங்கூரம் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். 1913 நவம்பரில் நாலு நாள் அடித்த புயலில் 250 பேருக்கு மேல் செத்தார்கள்.

எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெயரை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள். 1975 நவம்பர் 10, சுப்பீரியர் ஏரி, 26,000 டன் தாது, 29 பேர். பின்னால் ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற கப்பல் ரேடாரில் பார்த்துக்கொண்டே வந்தது. சிரமம் எப்படி என்று ரேடியோவில் கேட்டதற்கு, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தக் கேப்டன் சொன்னார். அதற்குப் பிறகு குரல் இல்லை, ரேடாரில் புள்ளியும் இல்லை. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பலின் நீளம் 729 அடி, அது கிடக்கும் ஆழம் 530 அடி. நேராக நிறுத்தினால் தலை வெளியே தெரியும் என்று போசன் சொன்னபோது நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் மூழ்கியது என்று இன்றைக்கும் சண்டை. சரக்கறை மூடிகள் சரியாக இறுகாமல் தண்ணீர் புகுந்தது என்றது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை. இல்லை, தண்ணீருக்கடியில் இருந்த மேட்டில் கப்பலின் அடி தட்டியது என்பார்கள் ஏரிக்காரர்கள் பலர். அந்தக் கப்பலில் 21 மூடிகள், ஒவ்வொன்றையும் இறுக்க 68 கிளாம்ப். போசன் என்னைக் கூப்பிட்டுப் பெருக்கிப் பார் என்றார். 1,428. "ஒருத்தனுக்குக் கை வலித்தால் பாதியை விட்டுவிடத் தோன்றும். தோன்றும்போது என்னைக் கூப்பிடு, நான் வந்து போடுகிறேன்." அவ்வளவுதான் சொன்னார். உங்களுக்குக் கிடைக்கும் போசன் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

டிசம்பரில் இன்னொரு விதம். டெக்கில் தெறிக்கும் தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறையும். வின்ச், கயிறு, ஏணி எல்லாவற்றுக்கும் கண்ணாடி உறை போட்ட மாதிரி. சுத்தியலும் வெந்நீருமாக உடைக்க வேண்டும். ஜனவரி 15-க்கு சூ லாக்கை மூடுவார்கள், மார்ச் 25-க்குத் திறப்பார்கள். வெல்லண்டும் அதே வாக்கில்தான். அந்த இரண்டரை மாதம் கப்பல் ஏதாவது ஒரு துறையில் கட்டிக் கிடக்கும், ரிப்பேர்க்காரர்கள் ஏறுவார்கள், நாம் வீட்டில் இருப்போம். திறந்த முதல் வாரம் பனி உடைக்கும் கப்பலின் பின்னால் வரிசையில் போவோம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஹூரான் ஏரிக்கரையில் கோடரிச் என்று ஓர் ஊர். 1866-ல் எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்கு உப்பு கிடைத்தது. இன்று ஏரிக்கு அடியிலேயே, 550 மீட்டர் ஆழத்தில், உலகிலேயே பெரிய உப்புச் சுரங்கம் அங்கே இருக்கிறது. நாங்கள் போய் ஏற்றுவோம். முதல் தடவை சரக்கறைக்குள் அது கொட்டியபோது மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பல் நிறம், ஜல்லி மாதிரி. எங்கள் ஊரில் பாத்தி கட்டி, வெயிலில் காயவைத்து, கால் வெடிக்க வெடிக்கப் பெண்கள் வாரிச் சுமக்கும் பொருள். இங்கே குகையிலிருந்து வெட்டி, பனி உருக ரோட்டில் கொட்டுகிறார்கள். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன். நம் உப்பு ருசிதான். அப்பாவிடம் சொன்னேன், "ரோட்டுலயா கொட்டுதான்?" என்று மூன்று தடவை கேட்டார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

கடலில் ஓடும்போது வீடு ரொம்பத் தூரம். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று கையெழுத்துப் போட்டவுடன் மனசு அந்தக் கதவைச் சாத்திவிடும். நடு சமுத்திரத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று யாரும் நினைப்பதில்லை. இங்கே கதவு சாத்தாது. என் வீடு செயின்ட் கேத்தரின்ஸில், மூன்றாம் லாக்கிலிருந்து காரில் ஏழு நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என் வீட்டைத் தாண்டிப் போகிறேன். ராத்திரி போகும்போது எங்கள் தெரு முனையில் இருக்கும் கடையின் சிவப்பு விளக்கு தெரியும். மகளுக்குக் காய்ச்சல் 103 என்று மனைவி போனில் சொல்கிறாள், நான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இறங்க முடியாது. லாக்கில் கப்பல் நிற்பது மாதிரி இருக்கும், ஆனால் அது நிற்பது இல்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது. வேலி, காவல், அனுமதிச் சீட்டு. ஹாமில்டனில் தாது இறக்கும்போது ஒருமுறை அனுமதி வாங்கி, மனைவி காரில் வந்து கூட்டிப்போய், வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். அதில் அரை மணி நேரம் வாசல் குழாய் ரிப்பேர்.

எங்கள் கப்பலில் இரண்டு மாதம் ஓட்டம், ஒரு மாதம் வீடு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். வருடக் கணக்குப் போட்டால் கடலோடியைவிட நான் அதிக நாள் வீட்டில் இருக்கிறேன். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கோடை விடுமுறை, பிறந்தநாள், தீபாவளி எல்லாம் சீசனுக்கு நடுவில் வருகின்றன. நமக்குக் கிடைக்கும் நீண்ட லீவு பிப்ரவரி. குழந்தை பள்ளியில், மனைவி வேலையில், வெளியே மைனஸ் பதினைந்து. வீட்டில் நானும் ஹீட்டரும்.

முதல் சீசனில் மகளுக்கு நாலு வயது. மூன்றாம் லாக்கில் ஜனங்கள் நின்று பார்க்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே கால்வாய் மியூசியம். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதிப் போடுவார்கள். மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காலிக் கப்பல், மேலே ஏறுகிறோம். லாக்குக்குள் நுழையும்போது டெக் சுவருக்குக் கீழே இருக்கும், மேடையிலிருந்து என்னைத் தெரியாது. தண்ணீர் ஏற ஏற முதலில் என் ஹெல்மெட், அப்புறம் முகம், அப்புறம் நான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அவளுக்கு நேராக வந்துவிட்டேன். அவள் கைதட்டினாள். அப்பாவைத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தது என்று மறுநாள் ஸ்கூலில் சொன்னாளாம். மூன்று வாரம் கழித்துக் கோதுமையோடு கீழே இறங்குகிறோம், மறுபடி வந்தார்கள். அன்று நேர் எதிர். கண்ணுக்கு நேராக நின்ற அப்பா மெல்ல மெல்லத் தரைக்குள் போகிறார். இடுப்பு, நெஞ்சு, ஹெல்மெட். அவள் அலறின அலறலை இன்னும் மறக்கவில்லை. மேடையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர்கள், கப்பல் படம் எடுக்க வருகிறவர்கள், கேமராவைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி மனைவி போனில் ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே மேல ஏறும்போது மட்டும் சொல்லுங்க."

அப்படித்தான் இன்றுவரை. மகள் இப்போது காலேஜ் போகிறாள். இறங்கும் நாளை நான் வீட்டில் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. எத்தனையோ தடவை அந்த மேடையைப் பார்த்தபடி கீழே இறங்கியிருக்கிறேன், யாரோ ஒரு குழந்தை கையாட்டும், நானும் ஆட்டுவேன்.

வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கிடங்கில் பெட்டி அடுக்குவதைவிட இந்த வேலையில் உங்களுக்கு மரியாதை இருக்கும், கை பழகிய தொழில், வீட்டுக்கடன் கட்டலாம். பேப்பர் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள், மெடிக்கலுக்கு நாள் கிடைக்கவே நேரம் பிடிக்கும். சங்கக் கூடத்துக்குப் போகும்போது குளிர்காலம் முடிகிற சமயமாகப் பார்த்துப் போங்கள், சீசன் திறக்கும்போதுதான் ஆள் தேவைப்படும்.

ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் லாக்குக்கு வாருங்கள். பிராம்ப்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம். கப்பல் ஏறுவதையும் பாருங்கள், கொஞ்சம் பொறுத்திருந்து இறங்குவதையும் பாருங்கள். தங்கச்சி இரண்டையும் பார்த்த பிறகு முடிவு சொல்லட்டும். தடித்த ஜாக்கெட் கொண்டு வாருங்கள், மே மாதத்திலும் அந்த மேடையில் காற்று அடிக்கும். எங்கள் போட் அடுத்த வாரக் கடைசியில் மேலே ஏறுகிறது. ஆரஞ்சு நிற ஹெல்மெட் போட்டு அணியத்தில், கப்பலின் முன்முனையில், ஓர் ஆள் ரொம்ப நேரம் கையாட்டினால் அது வேறு யாரோ, நான் சுக்கான் அறையான வீல்ஹவுஸில் இருப்பேன். ஜன்னலைப் பாருங்கள்.